எழுபதரை வயதின் கதை

அமெரிக்க வரிச் சட்டத்தில் ஐம்பத்தேழு ஆண்டுகள் ஒரு விநோதமான வயது இருந்தது. எழுபது இல்லை, எழுபத்தொன்றும் இல்லை, எழுபதரை. ஓய்வுக்காலத்துக்கென்று வரி கட்டாமல் ஒதுக்கி வளர்த்த பணத்தை, அந்த வயதை எட்டிய பிறகு ஆண்டுதோறும் இவ்வளவாவது வெளியே எடுத்தே ஆக வேண்டும், எடுத்ததற்கு வரியும் கட்ட வேண்டும் என்பது விதி. எடுக்கத் தவறினால், எடுக்காமல் விட்டதில் சரிபாதி அபராதமாகப் போய்விடும்.

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் நெடுங்காலமாக வரிக்கணக்கு எழுதும் தொழில் எனக்கு. என்னிடம் வரும் பெரியவர்களில் பலர், 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் காலடியில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட குடியேற்றச் சட்டத்தின் தயவில் இங்கு வந்தவர்கள். ஸ்டான்லியில் படித்த டாக்டர்கள், கிண்டியில் படித்த இன்ஜினியர்கள், மருந்து ஆராய்ச்சிக் கூடங்களுக்கு வந்த வேதியியல்காரர்கள். இருபத்தைந்து, முப்பது வயதில் வந்து இறங்கியவர்கள் 2010-ஐ ஒட்டி ஒருவர்பின் ஒருவராக எழுபதரையைத் தொட்டார்கள். டிசம்பர் பிறந்தால் ஏறக்குறைய எல்லோரும் ஒரே கேள்வியோடுதான் வருவார்கள். ஒரு டாக்டர் மாமா கேட்டது அப்படியே நினைவிருக்கிறது: "ஏம்மா, உழைச்சது நான், வயித்தைக் கட்டிச் சேர்த்தது நான். என் காசை நான் எடுக்கலேன்னா கவர்மெண்டுக்கு என்னம்மா கஷ்டம்?"

அது நியாயமான கேள்வி. பதில் 1962-இல் இருக்கிறது.

அதுவரைக்கும் ஓய்வூதியத்துக்கான வரிச் சலுகை பெரிய கம்பெனிகளில் சம்பளம் வாங்குபவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. கம்பெனி ஊழியருக்காக ஒரு நிதியில் பணம் போடும். அந்தப் பணத்துக்கு ஊழியர் அப்போது வரி கட்ட வேண்டாம், ஓய்வு பெற்று வாங்கும்போது கட்டினால் போதும். சொந்தமாகத் தொழில் செய்த வக்கீலுக்கும் டாக்டருக்கும் விவசாயிக்கும் மூலைக்கடைக்காரருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற யூஜீன் கியோ என்பவர் இதற்காகப் பத்தாண்டுக்கு மேல் விடாமல் மல்லுக்கு நின்றார். வருவாய் போய்விடும் என்று கருவூலத் துறை எதிர்த்தபடியே இருந்தது. கடைசியில் 1962 அக்டோபர் 10 அன்று கென்னடி கையெழுத்திட்டார். கிடைத்தது குறைவுதான்: சம்பாத்தியத்தில் பத்து சதவீதம், உச்சமாக 2,500 டாலர் போடலாம், அதிலும் பாதிக்குத்தான் வரி விலக்கு.

அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு ஒரு கவலை இருந்தது. பெரும் வருமானமுள்ள ஒரு டாக்டர் இந்தக் கணக்கைத் திறந்து, முதுமைக்கு அது தேவைப்படாமல், சாகும்வரை தொடாமல் வைத்திருந்து பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றால் என்ன ஆகும்? முதுமைக்கென்று கொடுத்த சலுகை வாரிசுச் சொத்தை வளர்க்கும் வழியாகிவிடும். அதனால்தான் இரண்டு பக்கமும் வேலி போட்டார்கள். 59½ வயதுக்கு முன்னால் எடுத்தால் தண்டம். 70½ வயதாகும் வரி ஆண்டுக்குள் எடுக்கத் தொடங்கியாக வேண்டும். கவனியுங்கள், இந்தக் கட்டாயம் தொழிலின் சொந்தக்காரருக்கு மட்டும்தான். அவரிடம் சம்பளத்துக்கு இருந்த குமாஸ்தா எழுபதரை தாண்டியும் வேலை செய்தால், ஓய்வு பெறும்வரை அவருக்குக் கட்டாயம் இல்லை. யாரைப் பார்த்து இந்த விதி எழுதப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

ஆக, நான் டாக்டர் மாமாவுக்குச் சொன்ன பதில் இதுதான்: "மாமா, காசு உங்களுடையதுதான். அதுக்குள்ளே கவர்மெண்டுக்குச் சேர வேண்டிய வரியும் இருக்கு. அதை அவங்க மன்னிச்சு விடலே, தள்ளிப் போட்டிருக்காங்க. தள்ளிப் போட்டதுக்கு ஒரு கெடு வேணுமில்லையா?"

அரை வயது எங்கிருந்து வந்தது? காப்பீட்டுக் கணக்கர்களின் பழக்கத்திலிருந்து என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆயுள் காப்பீட்டில் ஒருவருடைய வயதை அருகிலிருக்கும் பிறந்தநாளை வைத்துக் கணக்கிடும் வழக்கம் உண்டு. 59½ முடிந்தவருக்கு அந்தக் கணக்கில் 60. 70½ முடிந்தவருக்கு 71. காப்பீட்டு மேசையில் வசதியாக இருந்த அரை வயது, வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து வரிப் படிவம் நிரப்பும் கிழவருக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது. ஜூன் 30 அன்று பிறந்தவர் எழுபது வயதாகும் அதே ஆண்டின் டிசம்பரில் எழுபதரை ஆகிறார். ஜூலை 1 அன்று பிறந்தவர் அடுத்த ஆண்டு ஜனவரியில்தான் ஆகிறார். ஒரே ஒரு நாள் தள்ளிப் பிறந்தவருக்கு ஒரு முழு ஆண்டு தள்ளிப் போகும்.

இந்த இடத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல். அந்தத் தலைமுறையில் பலருக்கு ஜாதகத்தில் ஒரு பிறந்தநாள், பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டில் இன்னொன்று. ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பற்றவில்லை என்றால் தலைமையாசிரியர் ஒரு தேதியை எழுதிவிடுவார். ஐப்பசியில் பிறந்த பிள்ளைக்கு ஜூன் 10 என்று போட்டிருப்பார். அதுவே பாஸ்போர்ட்டுக்கு வந்து, அங்கிருந்து அமெரிக்க சமூகப் பாதுகாப்புப் பதிவுக்கும் வந்துவிட்டது. ஐப்பசி என்றால் எழுபதரை அடுத்த ஏப்ரலில் வரும். ஜூன் 10 என்றால் இந்த டிசம்பரிலேயே வந்துவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் ஏதோ ஒரு தொடக்கப் பள்ளியில் 1940-களில் யாரோ எழுதிய தேதி, நியூ ஜெர்சியில் ஒருவரை ஓராண்டு முன்னதாகவே பணம் எடுக்க வைத்தது. சட்டத்துக்கு ஜாதகம் தெரியாது; பதிவில் இருப்பதுதான் கணக்கு.

இந்த விதி டாக்டர், வக்கீல்களைத் தாண்டிப் பரவிய கதை ஒரு கார் தொழிற்சாலையில் தொடங்குகிறது. 1963 டிசம்பரில் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் ஸ்டூட்பேக்கர் கார் தொழிற்சாலை மூடப்பட்டது. ஓய்வூதிய நிதியில் போதிய பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் அறுபதைத் தாண்டிய பழைய ஊழியர்களுக்கும் முழுத் தொகை கிடைத்தது. நாற்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுக்குள் இருந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டாலருக்குச் சுமார் 15 சென்ட் கிடைத்தது. மற்றவர்களுக்கு ஒன்றுமே இல்லை. வாழ்நாள் முழுக்கக் கார் செய்தவர்களுக்கு நேர்ந்த இந்த அநியாயம் பதினோரு ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய சட்டமாக உருவெடுத்தது. 1974 செப்டம்பர் 2, தொழிலாளர் தினத்தன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட 'எரிசா' அதுதான். கம்பெனியில் ஓய்வூதியத் திட்டம் இல்லாத எவரும் தானே ஒரு ஓய்வுக்காலக் கணக்கைத் திறக்கலாம் என்று அது சொன்னது. ஐஆர்ஏ பிறந்தது அப்போதுதான். ஆண்டுக்கு 1,500 டாலர் உச்சவரம்பு.

டாக்டருக்கும் வக்கீலுக்கும் போட்ட எழுபதரை வேலியை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து இந்த எளிய கணக்கைச் சுற்றியும் நட்டார்கள். கூடவே புதிதாக ஒரு சாட்டையும் வந்தது. எடுக்க வேண்டியதை எடுக்காமல் விட்டால் பற்றாக்குறையில் ஐம்பது சதவீத வரி. இந்த விதியின் வரலாற்றில் எனக்கு ஆறாத கோபம் உள்ள இடம் இது. வரி ஏய்ப்பவனுக்குக்கூட இந்த நாட்டில், மறைத்த வருமானத்தில் சாதாரணமாக இவ்வளவு பெரிய பங்கு அபராதமாக விழுவதில்லை. இந்தச் சாட்டை யார் முதுகில் விழுந்தது? பணக்காரர்களுக்கு என்னைப் போன்ற கணக்கர்கள் உண்டு, அவர்கள் மறப்பதில்லை. மறந்தவர்கள் மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்த ஆண்டில் தபாலைப் பிரிக்காதவர்கள், நினைவு மங்கத் தொடங்கியவர்கள், ஆஸ்பத்திரியில் டிசம்பரைக் கழித்தவர்கள். மன்னிப்புக் கேட்க வழி இருந்தது: 5329 என்ற படிவத்தோடு நியாயமான காரணத்தை விளக்கி ஒரு கடிதம். என் கையால் அப்படிக் கடிதங்கள் எழுதியிருக்கிறேன். வரித்துறை பெரும்பாலும் இரங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அப்படி ஒரு வழி இருப்பது தெரியாமலே கட்டியவர்களை நினைத்தால் இன்றைக்கும் மனம் பதைக்கிறது.

401(கே) என்ற கம்பெனிச் சேமிப்புத் திட்டம் வந்த கதை எல்லோரும் அறிந்தது. 1978 சட்டத்தின் ஒரு உட்பிரிவை பென்சில்வேனியாவில் டெட் பென்னா என்ற ஆலோசகர் புதுவிதமாகப் படித்தார், கம்பெனிகள் பின்தொடர்ந்தன. ஓய்வூதியத்தை முதலாளி தருவது போய், ஊழியர் தானே சேர்த்துக்கொள்வது வந்தது.

1986 இதில் ஒரு திருப்பம். அந்த ஆண்டு அக்டோபர் 22 அன்று ரீகன் கையெழுத்திட்ட வரிச் சீர்திருத்தச் சட்டம், எல்லாத் திட்டங்களுக்கும் எழுபதரையை ஒரே அளவாக்கியது. வேலையில் தொடர்ந்தாலும் விடமாட்டார்கள், எடுத்தாக வேண்டும். ஐம்பது சதவீத அபராதமும் எல்லாத் திட்டங்களுக்கும் பரவியது. ஒன்பதே நாள் கழித்து, அக்டோபர் 31 அன்று, அதே ரீகன் இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். வயதைக் காட்டிப் பெரும்பாலான ஊழியர்களைக் கட்டாயமாக ஓய்வுக்கு அனுப்பக் கூடாது என்றது அது. எழுபத்தைந்திலும் நீ உழைக்கலாம், ஆனால் ஓய்வுபெற்றவனைப் போலப் பணத்தை எடு என்று ஒரே மாதத்தில் இரண்டு குரலில் பேசியது நாடு. போதாக்குறைக்கு அந்த வரிச் சட்டம், ஓராண்டில் மிக அதிகமாக எடுத்தாலும் பதினைந்து சதவீதத் தண்டம் என்றது. குறைத்து எடுத்தாலும் குற்றம், கூட்டி எடுத்தாலும் குற்றம். பேராசிரியர்களும் மூத்த டாக்டர்களும் பத்தாண்டுகள் இந்த இடுக்கில் மாட்டிக்கொண்டார்கள். 1996-இல்தான் வேலையில் இருப்பவர்களுக்கு விலக்கு திரும்பியது. அப்போதும் கம்பெனியில் ஐந்து சதவீதத்துக்கு மேல் பங்குள்ள சொந்தக்காரர்களுக்குக் கிடையாது. 1962-இன் நினைப்பு அதில் மட்டும் உயிரோடு இருந்தது. அதிகமாக எடுத்ததற்கான தண்டம் 1997 சட்டத்தில் ஒழிந்தது.

எவ்வளவு எடுப்பது என்ற கணக்கு 2002 வரை ஒரு கொடுமை. எழுபதரை வந்ததும் ஒருவர் தன் ஆயுளை மட்டும் வைத்துக் கணக்கிடுவதா, மனைவியின் ஆயுளையும் சேர்த்தா, ஆண்டுதோறும் ஆயுளைப் புதிதாகக் கணக்கிடுவதா, ஒருமுறை போட்டு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போவதா என்றெல்லாம் தேர்ந்தெடுக்க வேண்டும். குறித்த நாளுக்குள் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு மாற்றவே முடியாது. ஆண்டுதோறும் புதிதாகக் கணக்கிடும் வழியைத் தேர்ந்தவரின் மனைவி இறந்துவிட்டால், அடுத்த ஆண்டிலிருந்து அவள் ஆயுள் பூஜ்யம் என்று வைத்துப் பணத்தை வேகமாக எடுக்கச் சொல்லும் சட்டம். துக்கத்தில் இருக்கும் மனிதரிடம் இதை எடுத்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது சொன்னவர்களுக்குத் தெரியும். 2002 ஏப்ரலில் வந்த விதிமுறைகள் இதையெல்லாம் துடைத்துப் போட்டு ஒரே அட்டவணையைத் தந்தன. முந்தைய டிசம்பர் 31 இருப்பை வயதுக்கு நேரே உள்ள எண்ணால் வகுத்தால் போதும். இன்றைய அட்டவணையில் 73 வயதுக்கு 26.5, 80-க்கு 20.2, 90-க்கு 12.2. இரண்டு லட்சத்து அறுபத்தையாயிரம் டாலர் இருந்தால் 73 வயதில் பத்தாயிரம் எடுக்க வேண்டும். நூறு பேர் கூடி எழுதிய சட்டங்களைவிட அந்த ஒரு பக்க அட்டவணை முதியவர்களுக்குச் செய்த நன்மை பெரிது என்பது என் தீர்மானமான எண்ணம்.

கணக்கு எளிதானாலும் திட்டத்துக்குத் திட்டம் விதி மாறுவது நிற்கவில்லை. நான்கு ஐஆர்ஏ வைத்திருப்பவர் நான்குக்கும் சேர்த்துக் கணக்கிட்டு ஏதாவது ஒன்றிலிருந்து எடுக்கலாம். பள்ளி, பல்கலைக்கழக ஊழியர்களின் 403(பி) கணக்குகளுக்கும் அப்படியே, ஆனால் அவற்றுக்குள் மட்டும். 403(பி)-யில் 1987-க்கு முன் சேர்ந்த பணத்தைத் தனியாகக் கணக்கு வைத்திருந்தால் அதற்கு எழுபத்தைந்து வரை விலக்கு உண்டு. 401(கே) என்றால் ஒவ்வொரு கணக்கிலிருந்தும் தனித்தனியாக எடுக்க வேண்டும். மருந்துக் கம்பெனிகளில் மாறி மாறி வேலை பார்த்த ஒரு வேதியியல்காரருக்கு மூன்று பழைய 401(கே) கணக்குகள். கணக்கில் கெட்டிக்காரர் அவர். மூன்றுக்கும் கூட்டி, வந்த மொத்தத்தையும் ஒரே கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். சல்லிக்காசு குறையவில்லை. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் மற்ற இரண்டிலும் முழுப் பற்றாக்குறை. "நான் ஏமாத்தலையேம்மா" என்று அவர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். கடிதம் எழுதினோம், மன்னித்தார்கள்.

2008-ஐச் சொல்லாமல் போக முடியாது. அந்த ஆண்டு எடுக்க வேண்டிய தொகை 2007 டிசம்பர் 31 இருப்பை வைத்து நிர்ணயமானது. எழுபத்தாறு வயதுக்காரர் ஒருவரிடம் அன்று 4,40,000 டாலர் இருந்தால், அன்றைய அட்டவணையில் 22-ஆல் வகுத்து 20,000 எடுக்க வேண்டும். பங்குச் சந்தை சரிந்து, டிசம்பரில் 2,80,000 மட்டுமே மிஞ்சியிருந்தாலும் அதே 20,000. அடிமட்ட விலையில் பங்குகளை விற்று, கையைவிட்டுப் போன பணத்துக்கும் சேர்த்து எடுத்து, வரியும் கட்டினார்கள். இந்தக் கட்டாயத்துக்கு விலக்குத் தரும் சட்டத்தில் அதிபர் புஷ் கையெழுத்திட்டது டிசம்பர் 23 அன்று. அதுவும் 2009-க்கு மட்டும். வலித்த ஆண்டுக்கு மருந்து இல்லை. 2020-இல் கொரோனாவின்போது காங்கிரஸ் மார்ச் மாதமே விழித்துக்கொண்டது. ஏற்கெனவே எடுத்தவர்கள் ஆகஸ்ட் 31-க்குள் திருப்பிப் போடலாம் என்றுகூட வரித்துறை அனுமதித்தது. ஒருமுறை பட்டதால் வந்த விவேகம் அது.

இடையில் 2006 சட்டம் ஒரு நல்ல வாசலைத் திறந்திருந்தது. எழுபதரை கடந்தவர் ஐஆர்ஏ-விலிருந்து நேரடியாக அறநிறுவனத்துக்குப் பணம் அனுப்பலாம்; அப்போது அதற்கு உச்சவரம்பு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர். அப்படி அனுப்புவது கட்டாயத் தொகையில் கழியும், வருமானத்திலும் சேராது. கோயில்கள் இங்கே அறநிறுவனங்களாகப் பதிவானவை. கும்பாபிஷேகத்துக்குக் காசோலை எழுதும் பெரியவர்களிடம், வங்கிக் கணக்கிலிருந்து எழுதாதீர்கள், ஐஆர்ஏ-விலிருந்து நேரே போகட்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

2019 டிசம்பர் 20 அன்று எழுபதரை ஓய்வு பெற்றது. புதிய வயது 72. மூன்றே ஆண்டில், 2022 டிசம்பர் 29 அன்று, அது 73 ஆனது. 1960-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு 75. அபராதம் ஐம்பதிலிருந்து இருபத்தைந்தாக இறங்கியது; உரிய காலத்தில் திருத்திக்கொண்டால் பத்து. நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்தாவது அந்தச் சாட்டையைத் தணித்தார்களே என்று அன்று இரவு எனக்கு உண்மையிலேயே நிம்மதி. வயதை உயர்த்தியதில் அந்த மகிழ்ச்சி இல்லை. ஆயுள் கூடிவிட்டது என்பது உண்மை. 1962-இல் அமெரிக்கரின் சராசரி ஆயுளே சுமார் 70 தான். ஆனால் மாதச் செலவுக்கு இந்தப் பணத்தை நம்பியிருப்பவர் எந்தக் கெடுவுக்கும் காத்திருப்பதில்லை, அறுபத்தைந்திலேயே எடுக்கத் தொடங்கிவிடுகிறார். எழுபத்தைந்து வரை தொடாமல் இருக்க முடிகிறவர், 1962-இல் சட்டத்தை எழுதியவர்கள் யாரைப் பார்த்துப் பயந்தார்களோ அவர்தான். செனட்டர் வில்லியம் ராத் பெயரில் 1997-இல் வந்த ராத் ஐஆர்ஏ-வில் சேர்ப்பவர் உயிரோடிருக்கும் வரை கட்டாயமே இல்லை; அங்கே வரியை முன்கூட்டியே கட்டிவிடுவதால் அது நியாயம். வரி கட்டாத பணத்துக்கு அந்த நியாயம் பொருந்தாது.

கனடாவிலும் இந்த இழுபறி நடந்திருக்கிறது. டொரண்டோ தமிழர்கள் சேர்க்கும் ஆர்ஆர்எஸ்பி 1957-இல் வந்தது. அதை முடித்து மாற்ற வேண்டிய வயது 71 ஆக இருந்து, 1996 பட்ஜெட்டில் 69 ஆக இறங்கி, 2007-இல் மீண்டும் 71 ஆனது. இறக்கத் துணிந்த அரசு ஒன்று அங்கே இருந்திருக்கிறது. வாஷிங்டனில் வயது ஏறியது மட்டும்தான்.

ஏறியதற்கான விலையைப் பிள்ளைகளிடம் வசூலிக்கிறார்கள். முன்பு ஐஆர்ஏ-வை வாரிசாகப் பெற்ற மகளோ மகனோ தன் ஆயுள் முழுவதும் சிறுகச் சிறுக எடுக்கலாம். 2019 சட்டத்துக்குப் பிறகு, கணவன் மனைவி போன்ற சிலரைத் தவிர, பெரும்பாலான வாரிசுகள் பத்து ஆண்டுக்குள் காலி செய்ய வேண்டும். இறந்தவர் கட்டாய வயதைக் கடந்தவராக இருந்தால் அந்தப் பத்தாண்டிலும் ஆண்டுதோறும் ஏதாவது எடுக்க வேண்டுமா என்பதைத் தெளிவாக்கவே வரித்துறைக்கு 2024 ஜூலை வரை பிடித்தது. அதுவரை அபராதத்தைத் தள்ளிவைத்தார்கள். எடுக்கத்தான் வேண்டும் என்பது முடிவு, 2025-லிருந்து கண்டிப்பு.

கொரோனாவின் முதல் ஆண்டில் நியூ ஜெர்சியில் எத்தனையோ வீடுகளில் பெரியவர்கள் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 2030 டிசம்பர் 31 கெடு. அப்பாவின் கணக்கைத் தொட மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும் ஆன்ட்டி என்று என்னிடம் சொல்லும் பிள்ளைகள் இப்போது நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் சம்பளத்தின் உச்சியில் இருப்பவர்கள். கடைசி ஆண்டுவரை விட்டால் மொத்தமும் ஒரே ஆண்டு வருமானமாகிவிடும், மிச்சமிருக்கும் ஆண்டுகளுக்குப் பங்கிட்டு இந்த ஆண்டே எடுக்கத் தொடங்குங்கள் என்று சொல்லி, அட்டவணை போட்டுக் கொடுத்து அனுப்புகிறேன்.